முதல் விள்ளல்

யாருக்கு எதைக் கொடுத்தாலும் அதில் முதல் விள்ளலை அந்த அக்கா தன் வாயில் போட்டுக்கொள்வார். தட்டில் நாலு இட்லி வைத்தால், நம் முன்னால் வைப்பதற்குள் ஓரத்தில் ஒரு துண்டு கிள்ளி மென்று விழுங்கிவிடுவார். கிறிஸ்துமஸுக்கு அச்சுமுறுக்கு கொண்டுவந்தால் ஒன்றை உடைத்துத் தின்றுவிட்டுத்தான் டப்பாவை நம் கையில் தருவார். காபி என்றாலும் அப்படித்தான், தன் டம்ளரில் ஒரு வாய் ஊற்றிக் குடித்துக் காட்டிவிட்டு மீதியைத் தருவார். எங்கள் காம்பவுண்டுக்குப் புதிதாகக் குடிவரும் பெண்கள் முகம் சுளிப்பார்கள். "என்ன இது, எச்சில் பண்ணிக் குடுக்கறாங்க?" என்று என்னிடம் வந்து கேட்பார்கள். நான் ஏதாவது சொல்லி மழுப்புவேன்.

அக்காவின் பெயரை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. ஒருமுறை அந்தப் பெயரை நான் கெடுத்தது போதும். அவருடைய ஒரே மகளுக்குக் கல்யாண ஓலை கோவிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசித்தார்கள். அடுத்த ஞாயிறு வாசிக்கவில்லை. அதற்குக் காரணம் நான். நான் பொய் சொல்லவில்லை. உண்மை என்று நம்பித்தான் சொன்னேன். அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் ஜெபம் பாதியில் நின்றுபோகிறது.

மைசூரில் அக்ரஹாரத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் காம்பவுண்டு. நாலு வீடு, ஒரு குழாய், ஒரு துவைக்கிற கல். என் சமையலறை ஜன்னலைத் திறந்தால் அக்கா வீட்டு நடு அறை தெரியும். அக்காவுக்குச் சொந்த ஊர் ராமாபுரம் பக்கம். வீட்டுக்காரர் சின்ன வயதிலேயே தவறிவிட்டார். மாமியாரையும் மகளையும் வைத்துக்கொண்டு, ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்த்துக் குடும்பத்தை ஓட்டினார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. குழாயடியில் நாங்களெல்லாம் கத்திக்கொண்டிருப்போம். அக்கா குடத்தோடு வந்து நின்று, "சாப்ட்டாச்சா கண்ணு?" என்பார். சண்டை போடுகிறவளுக்கே வெட்கம் வந்து குடத்தை நகர்த்துவாள்.

அந்தக் குரல்தான் அவரை டிவிக்குக் கொண்டுபோனது.

எங்கள் கோவில் பங்கில் கிறிஸ்துமஸுக்குத் தமிழ்க்காரர்கள் சேர்ந்து நாடகம் போடுவோம். மாதாவும் சூசையப்பரும் இடம் கேட்டு வரும்போது கதவைச் சாத்துகிற சத்திரக்காரி வேஷம் யாருக்கும் வேண்டாம். எல்லாருக்கும் மாதாவாகத்தான் ஆசை. ஒரு வருஷம் அதை அக்கா தலையில் கட்டினார்கள். 'இடமில்லை, போங்கள்' என்று கத்த வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தது. அக்கா கத்தவில்லை. வாசலில் நின்ற பெண்ணின் வயிற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எடமில்லையே கண்ணு. சாப்ட்டயா?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே கதவைச் சத்தம் வராமல் சாத்தினார். ஹாலில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. 

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்புனயா கண்ணு?" என்று கேட்டார்.

"நம்பினேன்க்கா. மேல வந்து உங்களை நாலு வைக்கணும்போல இருந்தது."

"அது போதும்" என்று சிரித்தார். எத்தனையோ வருஷம் பக்கத்தில் இருந்திருக்கிறேன், அவர் முகம் அப்படி மலர்ந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த நாடகத்தைப் பார்க்க யாரோ வீட்டு விருந்தாளியாக டிவி ஆள் ஒருவர் வந்திருந்தார். மாமியாருக்கு மருந்துச் செலவு ஏறிக்கொண்டிருந்த சமயம். கூப்பிட்டார்கள், அக்கா போனார்.

அது கன்னடத் தொடர், போலீஸ் கதை. ஒரு பெரிய பங்களாவில் ஒவ்வொருவராகச் சாவார்கள். இன்ஸ்பெக்டர் வந்து துருவுவார். எல்லாச் சாவுக்கும் பின்னால் அந்த வீட்டு மூத்த மருமகள் இருப்பாள், ஆனால் அவள் கை எதிலும் படாது. கத்தி எடுக்க மாட்டாள், விஷம் கலக்க மாட்டாள். கொழுந்தன் பக்கத்தில் போய் உட்காருவாள். "ஊட்டா ஆய்த்தா?" என்பாள். சாப்பாடு ஆச்சா என்று இந்த ஊரில் யாரும் யாரையும் பார்த்தவுடன் கேட்கிற கேள்விதான். பிறகு மெதுவாக, "உங்க அண்ணன் உங்களைப் பற்றித் தப்பாக ஒன்றுமே சொல்லவில்லை, நீங்கள் மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள்" என்பாள். அவன் அன்றைக்கே அண்ணனைத் தேடிப் போவான். மறுநாள் ஒரு பிணம். அந்த மருமகள்தான் எங்கள் அக்கா.

"டைரக்டரு நடிக்கவே வேண்டான்னுட்டாரு கண்ணு. வீட்டுல பேசறாப்பலயே பேசுங்கம்மா, மத்தத நாங்க பாத்துக்கறோம்னாரு" என்று சொல்லுவார்.

எங்கள் வீட்டில் ஏழு மணிக்கு ஜெபமாலை, ஏழரைக்கு அந்தத் தொடர். மாலையில் கடைசிப் பத்து மணிகளை நாங்கள் ஓட்டுகிற ஓட்டத்தில் என் வீட்டுக்காரர் கண்ணை மூடியபடியே, "மெதுவாடி, மாதாவுக்கே மூச்சு வாங்கும்" என்பார். முடிந்ததும் முதலில் டிவி முன்னால் உட்காருகிறவர் அவர்தான். மறுநாள் காலை குழாயடியில் அக்கா குடத்தை வைத்துவிட்டு மெல்லக் கேட்பார். "நேத்து எப்படி? பயமா இருந்துச்சா? நம்புனயா?"

நம்பினோம். ஊரே நம்பியது. கறிகாய் வண்டிக்காரர் அக்காவுக்கு எடை போடும்போது மட்டும் முகத்தைப் பார்க்க மாட்டார். ஆட்டோக்காரர் ஒருவர், "மேடம், நம்ம வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்க, தயவு பண்ணி ஊட்டா ஆய்த்தான்னு மட்டும் கேட்டுடாதீங்க" என்று கும்பிடு போட்டாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார் அக்கா. சந்துப் பிள்ளைகள் அவர் பின்னாலேயே "ஊட்டா ஆய்த்தா, ஊட்டா ஆய்த்தா" என்று கத்திக்கொண்டு ஓடும். திரும்பிப் பார்த்துக் கண்ணை உருட்டுவார், அலறிக்கொண்டு சிதறும். பஸ்ஸில் ஒரு அம்மா, தன் கைக்குழந்தையைக் கொஞ்சப்போன அக்காவின் கையைத் தட்டிவிட்டார். அதற்கும் சிரித்தார். "பாரேன், எவ்வளவு நம்பிப்போட்டாங்க!" என்றார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பெற்றவர்கள் முணுமுணுத்து, ஆபீஸ் வேலை போனபோதுதான் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

முதல் விள்ளல் பழக்கம் மாமியாரால் வந்தது. படுத்த படுக்கையாக இருந்த அந்த அம்மாவுக்குக் கடைசி வருஷத்தில் நினைவு தடுமாறியது. தெளிவாக இருக்கும்போது நல்ல குசும்பு. ஒருநாள் என் ஜன்னலுக்கே கேட்டது. "ஏன்டி, டிவில அத்தன பேரத் தீத்துப்போட்டு இப்ப எங்கிட்ட வந்துட்டயா?" என்று சொல்லிவிட்டு ஆவென்று வாயைத் திறந்தார். அக்கா சிரித்துக்கொண்டே கஞ்சி ஊட்டினார். ஆனால் நினைவு தப்பின நாட்களில் அது விளையாட்டாக இல்லை. டிவியில் பார்த்த மருமகளும் எதிரில் நிற்கிற மருமகளும் அந்த அம்மாவுக்கு ஒன்றாகிவிடுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு வாயைத் திறக்கவே மாட்டார். "குடிக்க மாட்டேன், போயிரு" என்று அழுவார். அப்போதுதான் அக்கா முதல் கரண்டியைத் தான் குடித்துக் காட்ட ஆரம்பித்தார். "இத பாருங்கத்த, நானே குடிச்சுட்டேன். ஒண்ணுமாகல. இப்ப நீங்க." அதற்குப் பிறகு அந்த அம்மா வாயைத் திறப்பார். ஒரு வருஷத்துக்கு மேல் மூன்று வேளையும் இப்படித்தான். அந்த அம்மா கண்ணை மூடியபோது முதுகில் ஒரு புண் கிடையாது. குளிப்பாட்டினவள் நான், அதனால் சொல்கிறேன்.

அவர் போன பிறகும் அக்காவால் பழக்கத்தை விட முடியவில்லை. விட வேண்டிய தேவையும் வரவில்லை. தின்று காட்டிவிட்டுக் கொடுத்தால்தான் மற்றவர்கள் யோசிக்காமல் வாங்கினார்கள். நாங்கள் யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. அவரும் சொன்னதில்லை.

தொடர் முடிகிற அன்று இன்ஸ்பெக்டர் அந்த மருமகளைச் சுட்டார். மூலைக் கடையில் பட்டாசு வெடித்தார்கள். காம்பவுண்டில் நாங்கள் கைதட்டினோம். அக்கா தன் வீட்டுப் படியில் வந்து நின்று, "செத்துப்போட்டேன். இனிமே சர்க்கர கேட்டுத் தைரியமா வரலாம்" என்றார். எல்லாரும் சிரித்தோம். அதன் பிறகு கூப்பிட்ட தொடர்களில் எல்லாம் அதே மாதிரி வேஷம்தான் தருவதாகச் சொன்னார்கள். மகள் வளர்ந்துவிட்டாள், வேண்டாம் என்று அக்கா ரவிக்கை தைக்க உட்கார்ந்துவிட்டார்.

மகள் நர்ஸ். அமைதியான பெண், அம்மாவின் குரல் அப்படியே. கூட வேலை பார்த்த ஒரு பையனைப் பிடித்துப்போனது. தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம், இதே ஊரில் விஜயநகரில் சொந்த வீடு. பையன் உறுதியாக நின்றதால் அவன் வீட்டில் சம்மதித்தார்கள். ஆனாலும் பையனின் அத்தை ஒருவர், ரிட்டயர்டு டீச்சர், பெண் பார்க்க வந்த அன்று அக்கா கொடுத்த காபியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். அக்கா தன் டம்ளரில் ஊற்றிக் குடித்த பிறகுதான் உதட்டில் வைத்தார். நான் பார்த்தேன்.

"இவ கல்யாணம் ஒண்ணு நடந்துபோச்சுன்னா போதும் கண்ணு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். இந்த மூஞ்சிய எடுத்துக்கிட்டு ராமாபுரம் போயிருவேன். இவளுக்கு எம்மூஞ்சி தொந்தரவா இருக்கக் கூடாது" என்பார் அக்கா. தினமும் மாலையில் எங்களோடு ஜெபமாலைக்கு வந்து உட்கார்ந்து அதற்காகவே மாலையில் ஒரு பத்து மணி உருட்டி வேண்டிக்கொள்வார்.

எங்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்ல வேண்டும் என்று. முதல் ஓலை வாசித்த அன்று அக்கா பூசையில் பட்டுப் புடவை கட்டியிருந்தார்.

அந்த வாரம் சனிக்கிழமை மத்தியானம் அந்த அத்தை என் வீட்டுக்கு வந்தார். அக்காவும் மகளும் புடவை எடுக்கப் போயிருந்தார்கள்.

"உங்களைப் பற்றித்தான் பங்குல எல்லாரும் சொன்னாங்க" என்றார். "ஜெபமாலை சொல்லிக் குடுக்கறவங்க, பொய் சொல்ல மாட்டாங்கன்னு. அதான் வந்தேன். எங்க அண்ணி, பையனோட அம்மா, பயப்படறாங்க. நடிப்பு வேற, நிஜம் வேற, அது தெரியாதவங்க இல்ல நாங்க. ஆனா நீங்க சொல்லிட்டா நிம்மதி."

எனக்கு அந்த வார்த்தை இனித்தது. அதை மறைக்கக் கூடாது. பொய் சொல்ல மாட்டாள் என்று பங்கே சொல்கிறதாம்.

"தங்கமான மனுஷிங்க" என்றேன். "குரல் உசத்த மாட்டாங்க."

"அதான் பயமே" என்றார் அத்தை. அல்லவா என்பதை அல்வா, கொஞ்சம் என்பதை சொல்ப என்று கன்னடம் கலந்துதான் அவருக்குப் பேச்சு. "மாமியார் கூடவே இருந்தாங்க அல்வா? கடைசில எப்படிப் பார்த்துக்கிட்டாங்க? சொல்ப யோசிச்சு சொல்லுங்க. உங்க ஜன்னல்லேர்ந்து அந்த ரூமே தெரியுதே."

"நல்லாத்தான் பார்த்துக்கிட்டாங்க. மூணு வேளையும் ஊட்டினாங்க."

"ஒரு நாள்கூட ஒண்ணும் நடக்கல? மாதா படத்துக்கு முன்னால உக்காந்திருக்கீங்க. நீங்க இல்லேன்னு சொன்னா நான் எழுந்து போயிடறேன்."

நான் யோசித்தேன். உண்மையாகவே கண்ணை மூடி யோசித்தேன். பொய்ச்சாட்சி கூடாது, மறைப்பதும் பொய்தான் என்று எனக்குச் சின்ன வயதிலேயே கன்னியாஸ்திரிகள் சொல்லித் தந்திருந்தார்கள். யோசித்தபோது ஒன்று கண்ணில் வந்தது. கட்டிலில் கிழவி. எதிரில் ஸ்டூலில் அக்கா. கையில் கஞ்சிக் கிண்ணம். அக்கா ஒரு கரண்டி குடிக்கிறார். இன்னொரு கரண்டி குடிக்கிறார். கிழவி வாயைத் திறந்து காத்திருக்கிறாள். அக்கா அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, மெதுவாக, கிண்ணத்தைக் காலி செய்கிறார்.

"ஒரே ஒரு நாள்" என்றேன். "என்ன கோபமோ தெரியாது. மனுஷங்கதானே. அந்தம்மா வாயைத் திறந்துகிட்டே இருந்தாங்க, இவங்க கஞ்சி முழுக்கத் தானே குடிச்சுட்டாங்க. ஒரே நாள்தான் பார்த்தேன். மத்தபடி குறை சொல்ல முடியாது."

அத்தை என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போய்விட்டார். உள்ளதைச் சொன்னோம், நல்லதையும் சேர்த்துச் சொன்னோம் என்று நானும் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மறுநாள் பூசையில் சாமி ஓலை வாசித்தார். இரண்டு ஜோடி. இரண்டும் வேறு பேர். அக்கா மூன்றாவது பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்து, இன்னும் இருக்கிறது என்பதுபோல் சாமியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சாமி தாளை மடித்துவிட்டார். மகள் எழுந்து பக்கவாசல் வழியாக நடந்துபோனாள். செருப்புச் சத்தம் கோவில் முழுக்கக் கேட்டது. அக்கா எழுந்திருக்கவில்லை. பீடத்துக்குப் போய் நன்மை அப்பம்கூட வாங்கவில்லை.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஜெபமாலைகூட இல்லை, அக்கா வெறுங்கையோடு என் வீட்டுப் படி ஏறியது அதுதான் முதல் தடவை.

"யாரோ என்னமோ சொல்லிப்போட்டாங்க கண்ணு. மாமியாரப் பட்டினி போட்டேன்னு அவுங்க வீட்டுல பேச்சாம். அந்தப் பையனே போன் பண்ணி அழுவறான், அம்மா விசாரிச்சுட்டாங்க, சாட்சியே இருக்குங்கறாங்கன்னு. யாருன்னு தெரிஞ்சாப் போதும். சண்டைக்குப் போவல. அவுங்க கால்ல விழுந்து, இல்லீங்கன்னு ஒரு வார்த்த சொல்லிப்போட்டு வந்துருவேன்."

எனக்குப் பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், மனசுக்குள் ஒரு குரல், செய்ததைத்தானே சொன்னேன் என்றது. பக்கத்தில் உட்கார்ந்து அழுகிற மனுஷியைப் பார்த்து, இதுவும் நடிப்போ என்றும் ஒரு நிமிஷம் நினைத்தேன். கடவுள் என்னை மன்னிக்கட்டும்.

"ஜெபம் பண்ணுங்கக்கா" என்றேன்.

அந்தப் பையன் அடுத்த தை மாதமே வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான். மகள் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனாள். போகிற அன்று வாசலில் வைத்து அம்மாவைக் கேட்டாள், எங்கள் எல்லார் காதிலும் விழுந்தது. "ஊர்ல எத்தனையோ பொம்பளைங்க நடிக்கறாங்க. நீ மட்டும் ஏன்ம்மா அவ்ளோ நல்லா நடிச்ச?" போன பிறகு வாரம் ஒருமுறை போன் வரும். அக்கா பழக்கத்தில் முதல் வார்த்தையாக, "சாப்ட்டயா கண்ணு?" என்பார். அந்தப் பக்கம் சத்தமே வராது. கொஞ்ச நேரத்தில் போன் நின்றுபோகும்.

ஒரு வருஷம் போனது. ஒரு மத்தியானம் அவரைக்காய் பருவத்தில் நான் ஊறப்போட்ட கொட்டையைப் பிதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது. பழைய தொடரை மத்தியானத்தில் மறுபடி போட ஆரம்பித்திருந்தார்கள். நான் பார்க்கவில்லை, காதில் மட்டும் விழுந்தது. "ஊட்டா ஆய்த்தா?" தலையைத் தூக்கினேன்.

கட்டிலில் கிழவி. எதிரில் ஸ்டூல். கையில் கிண்ணம். ஒரு கரண்டி. இன்னொரு கரண்டி. கிழவி வாயைத் திறந்து காத்திருக்கிறாள். கிண்ணம் காலி.

அது பங்களாவின் அறை. பின்னால் பச்சைத் திரை. கட்டிலில் இருந்தது யாரோ ஒரு நடிகை. நான் மாதா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து சாட்சி சொன்னது இதைத்தான். கையிலிருந்த கொட்டை நசுங்கிப்போனது எனக்குத் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் வந்து, "என்னடி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?" என்று கேட்டபோதுதான் பார்த்தேன்.

அந்த வாரமே சாமியிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமி முழுக்கக் கேட்டார். பிறகு, "மன்னிப்பு உண்டும்மா. ஆனா கெடுத்த பேரை நீங்கதான் திருப்பிக் குடுக்கணும். யார்கிட்டச் சொன்னீங்களோ அங்க முதல்ல போங்க" என்றார்.

விஜயநகர் போனேன். அத்தை கேட்டுக்கு வெளியிலேயே நிற்கவைத்தார். நான் எல்லாம் சொன்னேன். டிவியில் பார்த்ததை வீட்டில் பார்த்ததாக நினைத்துவிட்டேன், அந்த அக்கா தானும் ஒரு வாய் குடித்து மாமியாருக்கு ஊட்டினவர், உங்கள் அண்ணியிடம் சொல்லுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

அத்தைக்குக் கோபம் வரவில்லை. என்னைப் பார்த்து இரக்கப்பட்டார்.

"அவங்க அனுப்பினாங்களா?"

"இல்லீங்க. அவங்களுக்குத் தெரியவே தெரியாது."

"எதிர் வீடுதானே? தினமும் உங்களோட வந்து உக்காருவாங்க அல்வா?"

"ஜெபத்துக்கு வருவாங்க."

"மெதுவாத்தான் பேசுவாங்க. சாப்பாடு ஆச்சான்னு கேப்பாங்க."

"அது... எல்லாரையும் கேப்பாங்க."

"பாவம்மா நீங்க" என்றார் அத்தை. "ஒரு வருஷம் எடுத்துக்கிட்டாங்க பாருங்க உங்களை மாத்தறதுக்கு. நீங்க பார்த்ததையே நீங்க பார்க்கலன்னு உங்க வாயாலயே சொல்ல வெச்சுட்டாங்க. இப்பத்தான் எனக்கு நிச்சயமாத் தெரியுது, நாங்க தப்பிச்சோம்னு." கேட்டைச் சாத்தினார். சாத்தும்போது, "உங்களுக்காக வேண்டிக்கறேன்" என்றார். மனசாரத்தான் சொன்னார்.

பங்கிலும் நாலு பேரிடம் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொருவரும் என்னை அந்த அத்தை பார்த்ததுபோலவே பார்த்தார்கள்.

மிச்சம் அக்கா ஒருவர்தான். அவர் அப்போது ராமாபுரத்துக்குக் கிளம்புகிற ஏற்பாட்டில் இருந்தார். பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டியிருந்தது. தையல் மிஷினைக் காணோம். தரையில் உட்கார்ந்து பழைய துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். நான் எதிரில் உட்கார்ந்து, முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். சாட்சி நான்தான் என்றேன். கஞ்சிக் கதையைச் சொன்னேன். பார்த்தது உங்கள் வீட்டில் இல்லை அக்கா, டிவியில் என்றேன்.

மடித்த துணியைக் கீழே வைத்தார்.

"எந்தக் கஞ்சி சீன்? கெழவி முன்னால உக்காந்து குடிக்கறதா?"

"ஆமாக்கா."

"அது வீட்டுல நடந்ததாவேவா தெரிஞ்சுது உனக்கு?" என்றார். அப்போது நிமிர்ந்து பார்த்தேன். கிறிஸ்துமஸ் நாடகம் முடிந்த அன்று பார்த்த அதே முகம், ஒரு நொடி அப்படியே மலர்ந்தது. நம்புனயா என்று அவர் கேட்கவில்லை, முகம் கேட்டது. அடுத்த நொடி அது விழுந்த விதத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"அது எழுதிக் குடுத்தது இல்ல கண்ணு" என்றார். "நானாச் சொல்லிக் குடுத்தேன். வீட்டுல எம்மாமியாருக்கு ஒரு வாய் குடிச்சுக் காட்டுவனல்ல, அதையே திருப்பிப்போட்டேன். டைரக்டரு கை தட்டுனாரு. எல்லாமே அப்படித்தான் பண்ணுனேன். நல்லதா ஒண்ணு எடுத்துத் திருப்பிப்போட்டா அதுதான் அந்தப் பொம்பள. மறுபடி நேராப் போட முடியாதுன்னு தெரியல."

"என்னை நாலு அடி அடிச்சுடுங்கக்கா" என்று அழுதேன்.

"உன்னை அடிச்சு என்ன பண்றது. எல்லாத்தையும் நம்ப வெச்சது நானு. நீ நம்புனது தப்பா?" என்றார். பிறகு என் முகத்தைத் துடைத்துவிட்டு, "சாப்ட்டயா?" என்று கேட்டார்.

எழுந்து உள்ளே போனார். கட்டாமல் வைத்திருந்த ஒரே தட்டில் இரண்டு இட்லியும் சட்னியும் வைத்துக்கொண்டு வந்தார். என் முன்னால் வைத்தார். வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் சேர்த்துக்கொண்டார்.

முதல் விள்ளலை எடுக்கவில்லை.

மறந்துவிட்டாரோ என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன், மறக்கவில்லை. இத்தனையும் தெரிந்த பிறகு, ஒருத்தியாவது அப்படியே எடுத்துச் சாப்பிடுவாள் என்று காத்திருந்தார். எனக்கு எல்லாம் தெரியும். அந்த இட்லியில் ஒன்றும் இல்லை என்று தெரியும். இந்தக் கை மாமியாரை எப்படிப் பார்த்தது என்று என்னைவிடத் தெரிந்தவர் இந்த ஊரில் இல்லை. மாதாவே என்று மனசுக்குள் கூப்பிட்டேன். கை மடியை விட்டு எழவில்லை. காதில் அந்த ஊட்டா ஆய்த்தா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு குனிந்து, ஓரத்தில் ஒரு துண்டு கிள்ளி, வாயில் போட்டு மென்றார்.

அவர் விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் என் கை தட்டுக்குப் போனது.